கந்தையின் கணக்கு

கார்த்திகைத் திங்கள், வளர்பிறை ஏகாதசி இரவு. பனி இறங்கத் தொடங்கிவிட்ட காலம். திருவரங்கத்துக் கோயிலிலே அன்று கைசிக ஏகாதசி விழா. அரங்கனுக்கு ஆடை சாத்துகின்றனர். ஒன்றா, இரண்டா? 365 ஆடைகள்! ஆண்டின் ஒவ்வொரு நாளுக்கும் ஒன்று. ஆண்டு முழுதும் நடைபெற்ற பூசனையிலே எந்த நாளிலாவது ஏதேனும் குறை நேர்ந்திருக்குமானால், அக்குறை அந்த ஓர் இரவிலே நீங்கிவிட வேண்டுமாம். அதற்குச் சொல்லப்படும் காரணம் அது.

காவிரியைக் கடந்து தென்கரைக்கு வருவோம். ஒரு நாழிகை நடந்தால் உறையூர். சோழர் கோநகரமாயிருந்த ஊர். இன்று திருச்சிராப்பள்ளியின் ஒரு பகுதி. ஒரு தெருவிலே சுருட்டு, மறு தெருவிலே தறி என்று பெயர் பெற்ற ஊர். அங்குள்ள தறிவீட்டுத் திண்ணையிலே ஒரு மூதாட்டி அமர்ந்து தைத்துக்கொண்டிருக்கிறாள். மகள் உடுத்திக் கிழித்த சேலை ஒன்று, கணவன் விட்டுச்சென்ற வேட்டி ஒன்று, இரண்டுக்கும் நடுவே இன்னும் நைந்த துணிகள். எல்லாவற்றையும் ஒன்றன்மேல் ஒன்றாய் அடுக்கி, ஓரம் மடித்து, குறுக்கும் நெடுக்குமாக ஊசி ஓட்டுகிறாள். பாவை அறுத்தபின் தறியிலே எஞ்சிய நூலே அவளுக்குத் தையல் நூல். உறையூரிலே மட்டுமா? தமிழகத்தின் எந்த எளிய வீட்டிலும் கண்ட காட்சி அது. அந்தப் போர்வைக்குக் கடையிலே விலை இல்லை. கந்தை என்று அதற்குப் பெயர்.

ஆண்டவனின் ஆடையை எண்ணிக் காட்டுகிறார்களே, இது நாத்திகப் பிரச்சாரமோ என்று பதறுவோர் பதற வேண்டா. எனக்கு வேறொரு கணக்குப் பார்க்க வேண்டியிருக்கிறது. துணியின் விலை ஏறுகிறது. நூலின் விலை ஏறுகிறது. ஏறும்போதெல்லாம் துணியோடு பிழைப்பவர்கள், நெய்பவனும் தைப்பவளும், எப்படிச் சமாளித்தார்கள்? அவர்கள் சமாளித்தார்கள் என்று நாம் பெருமையோடு சொல்கிறோமே, அந்தச் சமாளிப்புக்கு விலை கொடுத்தது யார்? வரலாற்றேட்டிலே இதைத் தேடுவோம்.

தொன்மையிலிருந்தே தொடங்கலாம். பொருநராற்றுப்படையிலே கரிகாலன் அவைக்கு வரும் பொருநன் ஒருவனின் உடை பேசப்படுகிறது. வேர்வையிலே நனைந்தது, ஈரும் பேனும் குடியிருப்பது, கிழிந்த இடத்திலெல்லாம் வேறு நூல் நுழைத்துத் தைத்தது. 'துன்னல்' என்று அதனைப் புலவர் குறிக்கிறார். தையலுக்கு அந்நாளைய தமிழ் அது. கரிகாலன் அந்தக் கந்தையை நீக்கச் செய்து, பாம்பின் உரி போன்ற மெல்லாடை அளிக்கிறான். உரை சொல்லும்போது நம் புலவர்கள் அந்த மெல்லாடையின் நுண்மையிலேயே மயங்கி நின்றுவிடுவர். எனக்கோ அந்தத் துன்னலின் மீதே கண் போகிறது. பாம்புரி போன்ற துணி நெய்யத் தெரிந்த நாட்டிலே, பாடுபவனின் உடை ஒட்டுப்போட்டது! நூற்றவர் யார் என்று கேட்டால் அதற்கும் பழம்பாடல்களிலே விடை உண்டு. பருத்திப் பெண்டிர் என்று அவர்களுக்குப் பெயர். கணவனை இழந்தவர்கள், ஆண்துணை அற்றவர்கள், இரவிலே சிறு விளக்கின் ஒளியிலே பஞ்சு நூற்றவர்கள். துணித் தொழிலிலே முதல் இழையை எடுத்தது அவர்கள் கை.

உறையூர்த் துணியின் புகழ் கடல் கடந்ததை நாம் எடுத்துச் சொல்லத் தயங்குவதில்லை. கி.பி. முதல் நூற்றாண்டிலே கிரேக்க மாலுமி ஒருவன் எழுதிய பெரிப்ளூஸ் என்னும் கடற்பயணக் குறிப்பிலே 'அர்கரு' என்னும் உள்நாட்டு நகரின் பெயரால் அழைக்கப்பட்ட மெல்லிய துணி வருகிறது. அந்த அர்கரு உறையூரே என்பது பெரும்பாலான அறிஞர் முடிவு. 1960களிலே சென்னைப் பல்கலைக்கழகத்தார் உறையூரிலே அகழ்ந்தபோது, செங்கல்லால் கட்டிய சாயத்தொட்டி ஒன்றைக் கண்டனர். உரோமாபுரி மாளிகையிலே உலவிய சீமாட்டிகளின் மேனிக்கு ஏற்ற துணி, இங்கே தோய்ந்த தொட்டி அது! பெருமைதான். ஆனால் தொட்டியிலே கை தோய்த்து நின்றவனின் பெயரை எந்த ஓடும் சொல்லவில்லை.

பின்னர் வந்தது பேரரசு. இராசராசனையும் இராசேந்திரனையும் பற்றிப் பேசும்போது நம் நெஞ்சு நிமிர்கிறது, நிமிரட்டும். அவர்கள் காலத்துக் கல்வெட்டுகளிலே 'தறியிறை' என்றொரு சொல் வருகிறது. 'தறிப்புடவை' என்றும் வருகிறது. தறிக்கு வரி! விளைந்தால் நிலத்துக்கு வரி என்பார்கள். இங்கோ கைக்கும் காலுக்கும் வரி. அந்த வரிகளிலே பல கோயிலுக்கென்று எழுதிவைக்கப்பட்டன. விசயநகர ஆட்சியிலே சுமை மேலும் ஏறியது. 1429 ஆம் ஆண்டளவிலே திருச்சி, தஞ்சை, தென்னார்க்காடு வட்டாரங்களிலே வலங்கை 98, இடங்கை 98 என்று பிளந்து கிடந்த குலங்கள் எல்லாம், உழவரும் கைவினைஞரும், ஒன்றுகூடி, 'முறையற்ற வரி தாரோம்' என்று கல்லிலே வெட்டிவைத்தனர். சாதியின் பெயரால் ஒருவன் முகத்தில் ஒருவன் விழிக்காமல் இருந்தவர்கள், வரியின் பெயரால் ஒரே கல்லிலே கையொப்பமிட்டனர்! பள்ளிப்பிள்ளைகளுக்குப் போர்களின் ஆண்டுகளை மனப்பாடம் செய்விக்கும் நாம், இந்த ஆண்டைச் சொல்லிக்கொடுத்தோமா?

இனி வெள்ளையன் கப்பல் வருகிறது. சோழமண்டலக் கரையிலிருந்து வண்ணச் சீட்டித் துணி இங்கிலாந்துக்குப் போயிற்று. துவைத்தாலும் சாயம் போகாத துணி, பூவும் கொடியும் தீட்டிய துணி. அந்நாட்டுச் சீமாட்டியர் அதற்கு மயங்கினர். அங்குள்ள கம்பளி, பட்டு நெசவாளருக்கு வேலை போயிற்று. 1700 இலே பாராளுமன்றம் சட்டம் இயற்றி, இந்தியச் சீட்டியை உள்நாட்டிலே விற்பதற்காக இறக்குமதி செய்வதைத் தடுத்தது. அப்போதும் ஆசை அடங்கவில்லை. 1719 இலே இலண்டன் நெசவாளர்கள் தெருவிலே சீட்டி உடுத்திச் சென்ற பெண்களைத் துரத்தி, உடலிலிருந்தே துணியைக் கிழித்தெறிந்தனர். 1721 இலே இன்னொரு சட்டம்: உடுத்தினாலே 5 பவுன் தண்டம்! 1774 வரை அது நீடித்தது.

இங்கேதான் நம் கந்தைக்காரிக்கு ஒரு தொலைதூர உறவு தென்படுகிறது. இங்கிலாந்தின் வடமேற்கிலே லெவன்ஸ் ஹால் என்றொரு மாளிகை. 1708 ஆம் ஆண்டளவிலே தைக்கப்பட்டதாகச் சொல்லப்படும் ஒட்டுப்போர்வை ஒன்று அங்கே இருக்கிறது. அந்நாட்டிலே எஞ்சியிருக்கும் ஒட்டுப்போர்வைகளிலே மிகப் பழையது என்று அதனைக் கொண்டாடுகின்றனர். துண்டு துண்டாய் வெட்டி இணைத்த அந்தத் துணி எந்த நாட்டுத் துணி? இந்தியச் சீட்டி! புதுத் துணி கிடைப்பது அரிதானபோது, இருந்ததை வீணாக்காமல் துண்டுகளாய்க் கோத்த கைகள் அவை. எட்டாத துணியைத் துண்டுதுண்டாய் எட்டிப்பிடிக்கும் கலை சீமையிலும் உண்டு என்பதற்கு அது சான்று. ஒரு வேறுபாடு: அது மாளிகையிலே காட்சிப்பொருளாயிற்று, இங்கே திண்ணையிலே தைப்பதற்குப் பெயர் கந்தை.

சீமையின் சட்டம் சீமை நெசவாளனைக் காக்க எழுந்தது என்பதையும் மறக்க வேண்டா. விலையும் சந்தையும் தானே விழுந்து தானே எழும் இயற்கைப் பொருள்கள் என்று பேசும் அறிஞர்கள், அந்த 74 ஆண்டுகளைப் பற்றிப் பேசுவதில்லை. காவல் தேடிய நெசவுத் தொழில் இயந்திரமாய் வளர்ந்தபின், அவர்கள் நூல் நம் சந்தைக்கு வந்தது. பருத்திப் பெண்டிரின் கதிர் நின்றது. அன்றுமுதல், நெய்பவனின் வயிறு ஆலைக்காரனின் நூலிலே தொங்கலாயிற்று. 1861 முதல் 1865 வரை அமெரிக்காவிலே அடிமை முறையின் பேரால் வடக்கும் தெற்கும் போரிட்டபோது, அங்கிருந்து பஞ்சு வருவது நின்று, லங்காசயர் ஆலைகள் நம் நாட்டுப் பஞ்சை அள்ளிச் சென்றன. பஞ்சு விளைத்த நாட்டிலே பஞ்சு விலை பன்மடங்கு ஏறியது. எங்கோ நடந்த போர். அதற்கும் இங்கே தறி நின்றது!

நூல் விலை ஏறினால் தறிவீட்டிலே என்ன நடக்கும்? இதைச் சற்று விரித்தே சொல்ல வேண்டும். ஏனெனில் ஏட்டிலே எழுதுவோர் பலர் இந்த வாசற்படியோடு நின்றுவிடுவர்.

நெசவாளனிடம் நூல் வாங்க முதல் இல்லை. ஜவுளி முதலாளி நூல் கொடுப்பார். சேலைக்கு இவ்வளவு கூலி என்று பேசுவார். நூல் விலை ஏறியதும் முதலாளி துணி விலையை ஏற்றலாமே என்பீர்கள். ஏற்ற முடியாது, பக்கத்துக் கடையிலே ஆலைத்துணி அடுக்கி வைத்திருக்கிறது, வாங்குவோர் அங்கே போய்விடுவர். ஆகவே அவர் இரண்டில் ஒன்று செய்கிறார். கூலியைக் குறைக்கிறார், அல்லது பாவைக் குறைக்கிறார். மாதத்துக்கு மூன்று பாவு வாங்கியவனுக்கு இரண்டு. நூலுக்கும் கூலிக்கும் நடுவே அகப்பட்டவன் என்ன செய்வான்? ஓர் அங்குலத்திலே அடிக்க வேண்டிய ஊடை இழைகளிலே சிலவற்றைக் குறைக்கிறான். துணி மெலிகிறது. மெலிவை மறைக்கக் கஞ்சியைக் கூட்டுகிறான். கடையிலே அது மொடமொடவென்று நிற்கும். முதல் துவைப்பிலே உண்மை வெளுத்துவிடும். வாங்கியவள் சபிக்கிறாள்: 'கைத்தறியாம் கைத்தறி!' அந்தச் சாபம் முதலாளியைச் சேராது, ஆலையைச் சேராது, நூலுக்கு வரி போட்ட அரசையும் சேராது. குழியிலே கால் வைத்து உட்கார்ந்திருப்பவனையே சேரும்.

அவனுக்கும் கீழே ஒருத்தி இருக்கிறாள். சிட்டமாய் வந்த நூலை இராட்டையிலே இழைப்பவள் அவள். நாடாவுக்குத் தார் சுற்றுபவள் அவள். விடியுமுன் தெருவிலே பாவை நீட்டிக் கஞ்சி தோய்க்கும்போது ஒரு முனையைப் பிடிப்பவளும் அவள். சேலைக்கு என்று தரும் கூலியிலே இவையெல்லாம் அடக்கமாம்! அவள் கையிலே தனியே காசு விழுவதில்லை. கூலி குறைந்தால் முதலிலே குறைவது அவள் உணவு. நேரம் போதாவிட்டால் முதலிலே போவது அவள் தூக்கம். அதற்கும் மேலே, புதுப்போர்வை வாங்க வழியின்றிப் பழந்துணியைத் தைத்துக் குழந்தையின் குளிரைப் போக்குகிறாளே, அதற்குக் 'குடும்பப் பாங்கு' என்று பெயர் சூட்டிவிட்டோம். 'கந்தையானாலும் கசக்கிக் கட்டு' என்று பழமொழியும் சொல்லிவிட்டோம். கசக்கச் சொன்னவர்கள், ஏன் கந்தை என்று கேட்கவில்லை.

இரண்டாம் உலகப் போர் வந்தது. படைக்குத் துணி, ஊருக்குப் பஞ்சம். 1939 இலே இருந்ததைப்போல் ஏறத்தாழ ஐந்து மடங்காகத் துணிவிலை 1943 நடுவிலே ஏறிவிட்டது. அவ்வாண்டு சூனிலே துணிக்கும் நூலுக்கும் கட்டுப்பாட்டு ஆணை பிறந்தது. கட்டுப்பாடு பிறந்த வீட்டிலேயே கள்ளச்சந்தையும் பிறந்தது. விடுதலைக்குப் பின், 1948 தொடக்கத்திலே கட்டுப்பாட்டை நீக்கினர், விலை தாவியது, சில திங்களிலே மீண்டும் கட்டுப்பாடு. அடுத்து வந்தது கொரியாப் போர். பஞ்சுவிலையும் நூல்விலையும் மீண்டும் ஏறி, 1952 இலே சரிந்தன. சரிவும் நெசவாளனுக்கு நன்மையாகவில்லை! ஏறிய விலையிலே வாங்கிய நூலைக்கொண்டு நெய்த துணி, இறங்கிய சந்தையிலே கேட்பாரற்றுக் குவிந்தது. ஏறினாலும் அடி, இறங்கினாலும் அடி.

அப்போது சென்னை மாநில முதலமைச்சர் இராசகோபாலாச்சாரியார். அவரோடு நம் இயக்கம் மோதாத களம் இல்லை. எனினும் வேட்டியும் சேலையும் கைத்தறிக்கே ஒதுக்கப்பட வேண்டும் என்று தில்லியிடம் அவர் வாதாடினார் என்பதை மறைப்பது நேர்மையாகாது. தில்லி கேட்டதிலே கொஞ்சம் தந்தது. 1952 அக்டோபரிலே அனைத்திந்தியக் கைத்தறி வாரியம். அவ்வாண்டின் இறுதியிலே, ஆலைகள் முன்பு நெய்த வேட்டியிலே நூற்றுக்கு 60 பங்குக்கு மேல் நெய்யக்கூடாது என்னும் வரம்பு. 1953 இலே ஆலைத்துணிக்குக் கெஜத்துக்கு 3 பை, அதாவது கால் அணா, வரி. அந்தப் பணம் கதருக்கும் கைத்தறிக்கும்.

ஆனால் அதே 1953 இலே அதே முதலமைச்சர் கொண்டுவந்த கல்வித் திட்டம் என்ன சொல்லிற்று? பிள்ளைகள் பாதி நேரம் பள்ளியில் படிக்கட்டும், மீதி நேரம் அப்பன் தொழிலைக் கற்கட்டும் என்றது! அப்பனுக்கே சோறு போடாத தறியிலே மகனையும் உட்காரவைக்கும் திட்டம். ஒரு கையால் கால் அணா, மறுகையால் குழித்தறி! திருச்சிச் சீமையின் கல்லக்குடியிலும் பிற இடங்களிலும் அவ்வாண்டு சூலையிலே நடந்த மும்முனைப் போராட்டத்தின் ஒரு முனை இந்தக் குலக்கல்வி. 1954 இலே காமராசர் அதனைக் கைவிட்டார்.

அந்தப் போராட்டத்துக்குச் சில திங்கள் முன்பு, 1953 தொடக்கத்திலே, திருச்சித் தெருக்கள் இன்னொரு காட்சியைக் கண்டன. தறியொலி ஓயாத காஞ்சியிலே பிறந்த அண்ணா, கைத்தறித் துணிகளைத் தோளிலே போட்டுக்கொண்டு, தெருத்தெருவாகக் கூவி விற்றார். கழகத்தார் பிற ஊர்களிலும் விற்றனர். மேடையிலே கேட்ட குரல், 'வாங்குங்கள், வேட்டி வாங்குங்கள்' என்று வாசலிலே கேட்டது. ஏளனம் செய்தோரும் இருந்தனர். ஒரு நாள் விற்பனையால் உறையூரின் குவியல் கரைந்துவிட்டது என்று நான் சொல்லமாட்டேன், அது பொய். ஆனால் அதுவரை சமாளிப்பு முழுதும் தறிக்குழிக்குள்ளேயே நடந்தது. பசித்தவன் குறைத்து உண்டான், பெண் குறைத்து உறங்கினாள், ஊருக்குத் தெரியாது. அன்று அந்தச் சுமை தெருவுக்கு வந்தது. உடுத்துபவனுக்கும் அதிலே பங்குண்டு என்று வாசற்படியிலே நின்று சொல்லப்பட்டது.

சுமையைப் பங்கிட இன்னொரு வழியும் அதற்கு முன்பே தொடங்கியிருந்தது. 1935 இலே சென்னை மாகாணக் கைத்தறி நெசவாளர் கூட்டுறவுச் சங்கம் அமைந்தது; இன்று கோ-ஆப்டெக்ஸ் என்று கடைத்தெருவிலே நாம் காணும் நிறுவனம் அதுதான். நூலை மொத்தமாய் வாங்கிக் கொடுப்பது, நெய்ததைத் தானே விற்பது. நடுவிலே நிற்பவரின் பங்கு நெய்பவருக்குப் போவது. போலி உறுப்பினர், பெயருக்குச் சங்கம், நிலுவையிலே கூலி என்று குறைகளும் மண்டின. ஆயினும் தனியே பாவுக்குக் காத்திருப்பவனுக்கும் சங்கத்திலே பாவு வாங்குபவனுக்கும் வேறுபாடு உண்டு.

இதே பாதையிலே ஊசிக்காரிகளும் நடந்த ஒரு நாடு உண்டு. அமெரிக்காவின் அலபாமா மாநிலம். பஞ்சு வயலிலே அடிமைகளாய் உழன்றவர்களின் வழிவந்த கருநிறப் பெண்கள், பழைய வேலையுடைகளையும் மாவுச் சாக்குகளையும் வெட்டிப் போர்வை தைத்துக் குளிர் போக்கிவந்தனர். நம் மூதாட்டியின் தொழிலேதான்! வாக்குரிமை கேட்டதற்காகக் குடியிருந்த நிலத்திலிருந்து சிலர் விரட்டப்பட்டனர். 1966 இலே அவர்கள் ஒரு கூட்டுறவு அமைத்தனர்; 'ஃபிரீடம் குவில்ட்டிங் பீ', விடுதலைப் பெயர் தாங்கிய போர்வைச் சங்கம். அவர்கள் தைத்த கந்தைகள் நியூயார்க்கிலே ஏலம் போயின. 1972 இலே சியர்ஸ் என்னும் பெருங்கடை தலையணை உறைகளுக்கு அவர்களிடம் ஒப்பந்தம் செய்தது. அதிலே வெட்டி எஞ்சிய துண்டுகளும் போர்வைகளாயின. கந்தை கந்தையாகவே இருந்தது. தைத்தவளுக்குக் கூலி வந்தது. அதுவே செய்தி.

நம் நாட்டிலே இருந்த காவல்களுக்கு என்ன ஆயிற்று? 1985 இலே கைத்தறிக்கென்று 22 வகைத் துணிகளை ஒதுக்கிச் சட்டம் செய்தனர். பின்னர் அது 11 ஆகச் சுருங்கியது. ஆலைகள் தங்கள் நூலிலே ஒரு பங்கைக் கைத்தறிக்கு ஏற்ற சிட்டமாகக் கட்டித் தரவேண்டும் என்னும் விதி, நூற்றுக்கு 50 என்றிருந்தது 2003 இலே 40 ஆகி, 2019 இலே 30 ஆயிற்று. 1952 இலே பிறந்த கைத்தறி வாரியம் 2020 சூலை 27 அன்று கலைக்கப்பட்டது. பதினொரு நாள் கழித்துத் தேசியக் கைத்தறி நாள் கொண்டாடப்பட்டது! 2021 வரவுசெலவுத் திட்டத்திலே வெளிநாட்டுப் பஞ்சுக்கு ஏறத்தாழ நூற்றுக்கு 11 வரி விதித்தனர். 2022 மே மாதத்திலே 356 கிலோ கொண்ட ஒரு கண்டிப் பஞ்சு ஒரு லட்சம் ரூபாயைத் தாண்டியது. ஓராண்டுக்கு முன் ஏறத்தாழ அதிலே பாதி. ஏப்ரலிலே வரியைத் தற்காலிகமாக நீக்கியும் நூல் விலை அடங்கவில்லை. மே 16, 17 நாள்களிலே திருப்பூர் பின்னலாடைத் தொழிற்கூடங்கள் கதவடைத்தன. திருப்பூருக்குக் கதவடைக்க முதலாளிகளின் சங்கங்கள் உண்டு. ஏற்றுமதிக் கணக்கு உண்டு. தில்லி செவி சாய்த்தது. குழித்தறிக்காரன் தறியை நிறுத்தினால் அவன் வீட்டு அடுப்பு ஒன்றே நிற்கும்.

2019-20 இலே எடுத்த நான்காவது கைத்தறிக் கணக்கெடுப்பு, நாடு முழுதும் 35 லட்சம் பேர் இத்தொழிலிலே இருப்பதாகக் காட்டிற்று. அவர்களிலே பத்தில் ஏழு பேர் பெண்கள். நெசவுக் குடும்பங்களிலே மூன்றில் இரண்டு, திங்களுக்கு 5,000 ரூபாய்க்கும் கீழே வருவாய் உடையவை. தார் சுற்றுபவர்களையும் நூல் இழைப்பவர்களையும் 'துணைத் தொழிலாளர்' என்று அந்த ஏடு தனியே எண்ணியிருக்கிறது. 8 லட்சத்துக்கும் மேல். எண்ணிக்கையிலே அவளுக்குத் தனி இடம் கிடைத்துவிட்டது. உறையூரிலே ஒரு சேலைக்குக் கூலி பேசும் முதலாளியின் சீட்டிலோ, சங்கத்தின் கூலிப்பட்டியலிலோ, நூல் சுற்றியதற்கு இவ்வளவு என்று அவள் பெயருக்கு ஒரு வரி எழுதப்பட்டு, அந்தக் காசு அவள் கையிலேயே எண்ணி வைக்கப்பட வேண்டும். நூல் விலை அடுத்த முறை ஏறும்போது, குறைக்க முடியாத வரியாக அது இருக்க வேண்டும்.